ஒன்ராறியோவில் பிக்கப் டிரக் வாங்குமுன் ஃபிரேம் துருவை எடைபோடுவது எப்படி

ஒன்ராறியோவில் ஓடும் பழைய பிக்கப் டிரக்கின் ஆயுளைப் பெரும்பாலும் ஃபிரேம்தான் முடித்துவைக்கிறது. எஞ்சினையோ கியர்பெட்டியையோ கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். அவை அனைத்தையும் சுமந்து நிற்கும் நீண்ட இரும்புச் சட்டங்கள் அரித்துப்போனால், அவற்றைச் சரிசெய்யும் செலவு பல சமயங்களில் வாகனத்தின் விலையைத் தாண்டிவிடும். இங்கே குளிர்காலம் முழுவதும் வீதிகளில் உப்பும் உப்புக் கரைசலும் கொட்டப்படுவதால், இந்த அரிப்பைப் பற்றித் தெரியாமல் வாகனச் சந்தைக்குள் இறங்குவது ஆபத்து. கட்டட வேலைக்கோ, பனி தள்ளும் ஒப்பந்தத்துக்கோ, தளபாடம் ஏற்றும் தொழிலுக்கோ முதல் டிரக்கைத் தேடும் புதியவர்களுக்காக, பல மாதங்கள் வாகனங்களின் அடியில் படுத்துப் பார்த்தும் வாகனப் பதிவு செய்யும் அரசு நிலையமான சர்வீஸ் ஒன்ராறியோவின் வரிசைகளில் நின்றும் நான் கற்றுக்கொண்டவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. எந்தத் துரு சாதாரணம், எந்தத் துரு ஆபத்து

துருவே இல்லாத பழைய டிரக்கைத் தேடினால் நீங்கள் எதையும் வாங்க மாட்டீர்கள். துரு எந்தப் படியில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் படி மேற்பரப்புத் துரு. செம்மண் நிறத்தில் மெல்லியதாகப் படர்ந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் அடியில் உறுதியான இரும்பு தெரியும். ஐந்தாறு குளிர்காலங்களைக் கண்ட டிரக்கில், குறிப்பாக அச்சுக் குழாயிலும் வெல்டிங் தையல்களிலும், இது இருக்கவே செய்யும். இதற்காக விலை குறைக்கச் சொல்லலாம். வாங்காமல் விட வேண்டியதில்லை.

இரண்டாம் படி செதில் துரு. காய்ந்த வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகக் கழன்று வரும். இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பல மடங்கு ஊதுவதால், பார்ப்பதற்குச் சட்டம் தடித்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே நல்ல இரும்பு மெலிந்திருக்கும். இந்தப் படியில்தான் இடத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

மூன்றாம் படி ஓட்டை. திருப்புளியின் முனை உள்ளே போகிறது, விளிம்பு கையோடு உடைந்து வருகிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நடையைக் கட்டுங்கள். டொயோட்டா டகோமா, டுன்ட்ரா, செக்கோயா வாகனங்களின் ஃபிரேம் அரிப்பு தொடர்பாக அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கின் சமரசத்தில், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டை இருந்தால் ஃபிரேமையே மாற்றித் தர வேண்டும் என்பதுதான் அளவுகோலாக வைக்கப்பட்டது. பத்து மி.மீ. என்பது சுண்டுவிரல் நுனி அளவு. உற்பத்தியாளரே ஒட்டுப்போடாமல் முழுச் சட்டத்தையும் மாற்ற ஒப்புக்கொண்ட அளவை, வீதியோர விற்பனையாளர் ‘சின்ன ஓட்டை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

2. வீட்டிலிருந்தபடியே பார்க்க வேண்டிய ஆவணங்கள்

தனியாரிடமிருந்து வாங்கும்போது, பயன்படுத்திய வாகனத் தகவல் தொகுப்பை, அதாவது எல்லோரும் யு.வி.ஐ.பி. என்று சொல்லும் தொகுப்பை, விற்பவர் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். விலை 20 டொலர். அதில் ஒன்ராறியோவில் அந்த வாகனத்தின் உரிமையாளர் வரலாறு, பதிவான கிலோமீட்டர், நிலுவைக் கடன், வரிக்கான சராசரி மொத்தவிலை மதிப்பு, விற்பனைப் பத்திரப் படிவம் ஆகியவை இருக்கும். விற்பவர் தயங்கினால் பிளேட் எண்ணையோ வாகன அடையாள எண்ணையோ கொடுத்து நீங்களே வாங்கிவிடலாம். ஆனால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துருவைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்பில் நான் முதலில் பார்ப்பது உரிமையாளர்களின் ஊர்ப் பெயர்களையும் வண்டி எத்தனை கை மாறியது என்பதையும். பல கைகள் மாறிய டிரக்கைவிட ஒரே உரிமையாளரிடம் நெடுநாள் இருந்த டிரக்குக்கு ஆண்டுதோறும் துருத்தடுப்பு எண்ணெய் அடித்த பற்றுச்சீட்டுகள் இருக்கும் வாய்ப்பு அதிகம். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பெரிய குறை என்னவென்றால், இந்தத் தொகுப்பு ஒன்ராறியோ வரலாற்றை மட்டுமே சொல்லும். கியூபெக்கிலோ நோவா ஸ்கோஷியாவிலோ பத்து ஆண்டு உப்பில் ஓடிவிட்டு இங்கே வந்த வாகனம் இதில் நேற்றுப் பிறந்ததுபோல் தெரியும். ஆகவே வாகன வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸ் கனடா நிறுவனத்தின் அறிக்கையும் எடுங்கள்; எந்த மாகாணத்தில் எப்போது பதிவாகியிருந்தது என்பது அதில் வரும். அதிலும் துருவைத் தேடாதீர்கள். விபத்தும் கடனும் பதிவாகும். அரிப்பை யாரும் அங்கே பதிவதில்லை.

வாகன உரிமப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ‘மச்சானின் வண்டி’, ‘நண்பர் ஊருக்குப் போய்விட்டார்’ என்று கதை வந்தால், அவர் உரிமம் இல்லாமல் வாகன வியாபாரம் செய்பவராக இருக்கலாம். இவர்களை இங்கே கர்ப்சைடர் என்பார்கள். மோசமாக அரித்த டிரக்குகளைத் தள்ளிவிடுவதற்கு இவர்களுக்கு வசதி அதிகம். பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

3. பார்க்கப் போகும் நாளும் கையில் எடுத்துச் செல்ல வேண்டியவையும்

பகல் வெளிச்சத்தில், தரை காய்ந்திருக்கும் நாளில் போங்கள். பனியும் சேறும் ஒட்டியிருக்கும் அடிப்பாகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. கார்ட்போர்ட் அட்டை ஒன்று, கையுறை, நல்ல டார்ச், சிறு சுத்தியல், பழைய திருப்புளி, கம்பித் தூரிகை, காந்தம், கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவை போதும். ஃபிரேமில் உள்ள துளைகள் வழியாக உட்புறத்தைப் படம்பிடிக்கக் கைபேசியுடன் இணையும் குழாய்க் கேமரா கிடைத்தால் மிக நல்லது.

ஜாக்கியில் மட்டும் தூக்கி நிற்கும் வாகனத்துக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். டிரக் உயரமாக இருப்பதால் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே நிறையப் பார்க்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமா என்று முன்னதாகக் கேளுங்கள். நல்ல ஃபிரேம் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்.

4. அடியில் எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது

பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பின்சக்கரங்கள் வீசும் உப்புநீர் நேராக அடிக்கும் இடம் அது. பின் அச்சுக்கு மேலே ஃபிரேம் வளைந்து ஏறும் பகுதி, லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் தாங்கிகள், உதிரிச் சக்கரம் தொங்கும் குறுக்குச்சட்டம் ஆகிய மூன்றையும் தட்டியும் குத்தியும் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாக விழும், துருத்தூள் கொட்டும். 2000 முதல் 2003 வரையிலான டுன்ட்ராக்களை 2009இல் டொயோட்டா அமெரிக்காவின் குளிர்ப் பிரதேச மாநிலங்களில் திரும்ப அழைத்ததற்கு, பின் குறுக்குச்சட்டம் அரித்து உதிரிச் சக்கரம் வீதியில் விழக்கூடும் என்பதே காரணம். உதிரிச் சக்கரத்தை இறக்கிப் பார்க்காதவர் இந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. விற்பவரிடம் சொல்லி இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நடுப்பகுதி. ஃபிரேமின் மேல்விளிம்புக்கும் பின்னால் உள்ள சரக்குப் பெட்டிக்கும் இடையே சேறு தங்கும். கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம், பெட்ரோல் தொட்டியின் பட்டைகள், கேபினைத் தாங்கும் ரப்பர் பிடிகளின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் இடங்களில் நீர் தங்கி உள்ளிருந்தே ஊதும். தகடுகளுக்கு இடையே இடைவெளி பிளந்திருந்தால் அரிப்பு முற்றிவிட்டது என்று பொருள்.

கடைசியாக முன்பகுதி. முன்சக்கரத்தின் கீழ்க் கட்டுப்பாட்டுக் கை ஃபிரேமோடு சேரும் இடமும் ஸ்டியரிங் பெட்டி பூட்டப்பட்ட இடமும் உயிரோடு தொடர்புடையவை. மற்ற இடங்களில் செதில் துருவைப் பொறுத்துக்கொண்டாலும் இவ்விரு இடங்களில் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

ஃபிரேமின் அமைப்பையும் கவனியுங்கள். ஒரு பக்கம் திறந்த ‘ப’ வடிவச் சட்டத்தில் அரிப்பு கண்ணுக்குத் தெரியும். நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டத்தில் உப்புச் சேறு உள்ளே தங்கி, வெளியே வர்ணம் நன்றாக இருக்கும்போதே உள்ளே தின்றுவிடும். அங்கே வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொரு பொறி: 2015 முதல் ஃபோர்ட் எஃப்-150இன் பாடி அலுமினியம். கதவிலும் பெட்டியிலும் செந்துரு வராது. ஃபிரேம் அப்போதும் எஃகுதான். பளபளக்கும் பாடியைப் பார்த்து அடிப்பாகத்தை ஊகிக்கக் கூடாது.

ஃபிரேமோடு சேர்ந்தே ஓடும் பிரேக் குழாய்களையும் பெட்ரோல் குழாய்களையும் கடைசிவரை கண்ணால் பின்தொடருங்கள். அவை கொப்புளித்திருந்தால் ஃபிரேம் தேறினாலும் உடனடிச் செலவு காத்திருக்கிறது.

5. புதுக் கறுப்புப் பூச்சு

விளம்பரத்தில் ‘அடிப்பாகம் புதிதாகப் பூசப்பட்டது’ என்று இருந்தால் அது என் பார்வையில் குறை. துருவைச் சுரண்டாமல் மேலே தெளித்த ரப்பர்ப் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து அரிப்பை விரைவாக்கும், ஓட்டைகளையும் மறைக்கும். காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாக நிரப்புப் பசையோ கண்ணாடி நாரோ இருக்கலாம். பிரேக் குழாய், வயர், போல்ட் எல்லாம் ஒரே கறுப்பில் முழுகியிருந்தால் அவசர வேலை. இதற்கு மாறாக, எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி அப்பி அழுக்காகத் தெரியும் அடிப்பாகம் ஆண்டுதோறும் எண்ணெய் அடிக்கப்பட்டதற்கு அடையாளம். அருவருப்பாக இருந்தாலும் அதுதான் நல்ல வண்டி.

‘சூடான கராஜில் நிறுத்தப்பட்டது’ என்ற பெருமையையும் எச்சரிக்கையோடு கேளுங்கள். பனி உருகி, உப்பு இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இடத்தில் அரிப்பு வெளிக்குளிரைவிட வேகமாக நடக்கும்.

6. ஹாய்ஸ்டில் ஏற்றிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்

உங்கள் கண்ணுக்குத் தேறிய டிரக்கை, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஹாய்ஸ்டில், அதாவது வாகனத்தைத் தூக்கி நிறுத்தும் இயந்திரத்தில், ஏற்றுங்கள். வாங்குவதற்கு முந்தைய இந்தப் பரிசோதனைக்கு இடத்தைப் பொறுத்துச் சுமார் 100 முதல் 200 டொலர்வரை ஆகும், வரி தனி. ‘வாங்கலாமா?’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘ஃபிரேமில் எந்த இடத்தில் தடிமன் குறைந்திருக்கிறது, அடுத்த ஆண்டு நீங்களே இதற்குச் சாலையில் ஓட்டத் தேவையான சேஃப்டி சான்றிதழ் கொடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். படங்களோடு எழுத்தில் வாங்குங்கள்.

வண்டியைப் பிடித்துவைக்க முற்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், சிறிய தொகையாகக் கொடுத்து, சுயாதீனப் பரிசோதனையில் ஃபிரேம் தேறாவிட்டால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். டீலரிடம் வாங்குவோரும் இதை விட்டுவிடக் கூடாது. ஒன்ராறியோவில் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறித் திரும்பக் கொடுப்பதற்கான அவகாசக் காலம் எதுவும் சட்டத்தில் இல்லை. டீலர் ஓம்விக் என்ற மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிவானவரா என்று அதன் தளத்தில் தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ‘இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது’ என்ற வாசகம் இருந்தால், சாலைக்குத் தகுதியானது என்ற பொறுப்பை அவர் ஏற்கவில்லை என்று பொருள்.

7. சேஃப்டி சான்றிதழ் என்ன சொல்லும், என்ன சொல்லாது

வாகனத்துக்குப் பிளேட் பூட்டிச் சாலையில் ஓட்ட, பாதுகாப்புத் தரச் சான்றிதழ், அதாவது சேஃப்டி சான்றிதழ், வேண்டும். அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 36 நாட்களுக்குச் செல்லும். சோதனைப் பட்டியலில் ஃபிரேமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ், பரிசோதித்த நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அது உத்தரவாதம் அன்று, ஃபிரேம் இன்னும் எத்தனை குளிர்காலம் தாங்கும் என்ற கணிப்பும் அன்று. விற்பவர் தானே எடுத்துத் தந்த சான்றிதழை வைத்துத் திருப்தியடையாமல், ஆறாம் பகுதியில் சொன்ன பரிசோதனையைத் தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே மெக்கானிக்கிடம் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டால் செலவு கொஞ்சம் குறையும்.

தொழிலுக்காக டிரக்கும் டிரெயிலருமாகச் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டி இழுக்கப் போகிறவர்களுக்கு ஆண்டுப் பரிசோதனையும் உண்டு. இந்த ஆண்டு தப்பிய ஃபிரேம் அடுத்த ஆண்டு மாட்டிக்கொள்ளும் என்பதை அவர்கள் விலை பேசும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

8. விலையில் துருவைக் கழிப்பதும், வரியில் விழும் பொறியும்

உதிரிச் சக்கரக் குறுக்குச்சட்டத்தில் மட்டும் செதில் துரு, மற்றவை உறுதி என்றால், அதை மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கி அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம். பிரேக் குழாய்களுக்கும் அப்படியே. நீள்சட்டத்தில் வெல்டிங் செய்து ஒட்டுப்போடலாம் என்று விற்பவர் சொன்னால் சற்று நிதானியுங்கள். வெல்டிங் பிடிப்பதற்குச் சுற்றிலும் நல்ல இரும்பு வேண்டும். சூட்டில் சுற்றுப் பூச்சு எரிந்து, ஒட்டின் விளிம்பிலேயே புதுத் துரு தொடங்கும். அந்த ஒட்டை ஏற்றுச் சான்றிதழ் தருவதாக ஒரு மெக்கானிக் வேலைக்கு முன்பே சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

2005 முதல் 2010 வரையிலான டகோமாவை விற்பவர்கள், ‘ஃபிரேம் போனால் டொயோட்டா மாற்றித் தரும்’ என்பார்கள். அந்தத் திட்டம் அமெரிக்கச் சமரசத்தில் முதல் விற்பனையிலிருந்து 12 ஆண்டு என்று வரையறுக்கப்பட்டது. அந்த வாகனங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. மறுபக்கம், அந்தக் காலத்தில் ஃபிரேம் ஏற்கெனவே மாற்றப்பட்ட டகோமா கிடைத்தால் அது நல்ல வேட்டை. கனடாவிலும் பல மாற்றப்பட்டிருக்கின்றன. டீலரின் வேலைப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

இனி வரி. தனியாரிடம் வாங்கினாலும் பதிவு செய்யும்போது 13 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அது நீங்கள் கொடுத்த விலைக்கா, யு.வி.ஐ.பி.யில் உள்ள மொத்தவிலை மதிப்புக்கா என்றால், இரண்டில் எது கூடுதலோ அதற்கு. துருவைக் காட்டி 9,000 டொலருக்குப் பேசி முடித்த டிரக்கின் மதிப்பு தொகுப்பில் 14,000 என்று இருந்தால், நீங்கள் எதிர்பார்த்த 1,170 டொலருக்குப் பதில் 1,820 டொலர் கட்ட நேரும். வாகனத்தின் மோசமான நிலையால் விலை குறைந்தது என்பதைக் காட்டத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீட்டைப் பதிவுக்கு முன்பே எடுத்துச் சென்றால் வரி குறையும். மதிப்பீட்டுக் கட்டணத்தையும் மிச்சமாகும் வரியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வித்தியாசம் சில நூறு டொலர்தான் என்றால் பேசாமல் வரியைக் கட்டிவிடலாம். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று விற்பவர் காட்டும் குறுக்குவழியை மறுத்துவிடுங்கள். பொய்ப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

9. பெயர் மாற்றம்

வாங்கிய 6 நாட்களுக்குள் சர்வீஸ் ஒன்ராறியோவில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் கையெழுத்திட்ட வாகன உரிமப் பத்திரம், யு.வி.ஐ.பி.யும் அதிலுள்ள விற்பனைப் பத்திரமும், சேஃப்டி சான்றிதழ், காப்புறுதிச் சான்று, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவை கையில் இருக்கட்டும். உரிமப் பத்திரத்துக்கு 32 டொலர், புதுப் பிளேட்டும் சேர்த்தால் 59 டொலர். பழைய பிளேட் விற்பவருடையது. அவர் கழற்றிக்கொண்டு போவார், அதைப் பூட்டியபடி ஓட்டிவரக் கூடாது. காப்புறுதிக் கட்டணத்தை டிரக் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். புதிய சாரதிகளுக்கு அது டிரக்கின் மாதத் தவணையைவிட அதிகமாக வருவதும் உண்டு.

10. புது டிரக் வாங்குகிறவர்களுக்கு

புது டிரக்கில் ஃபிரேம் துருவுக்கு உத்தரவாதம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அரிப்பு உத்தரவாதப் பகுதியை வாசித்துப் பாருங்கள்: பெரும்பாலும் பாடித் தகடுகளில் துரு ஓட்டை விழுந்தால் மட்டுமே செல்லும். ஃபிரேமைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

டீலரின் நிதி அறையில், கையெழுத்திடும் களைப்பான நேரத்தில், துருத்தடுப்புப் பொதி ஒன்றை ஆயிரம் டொலருக்கு மேல் நீட்டுவார்கள். மின்னணுப் பெட்டி ஒன்றைப் பூட்டினால் துரு வராது என்பார்கள்; அதற்கு நான் ஒரு டொலரும் கொடுக்க மாட்டேன். வெளியே க்ரோன், ரஸ்ட் செக் போன்ற கடைகளில் ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் எண்ணெய், பிக்கப்புக்குச் சுமார் 150 முதல் 250 டொலர் அளவில் முடிந்துவிடும். மூன்று நான்கு ஆண்டில் டிரக்கை மாற்றிவிடுவது உறுதி என்றால் இதையும் தவிர்க்கலாம்; பத்து ஆண்டு வைத்திருப்பவர் முதல் குளிர்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

11. வாங்கிய பிறகு

எண்ணெய் அடிக்கக் கோடையின் கடைசியும் இலையுதிர்காலமும் ஏற்றவை. அடிப்பாகம் காய்ந்திருக்கும், எண்ணெய் இடுக்குகளுக்குள் ஊர்ந்து செல்லும். ஃபிரேமின் உட்புறத்திலும் குழாய் நுழைத்து அடிக்கிறார்களா என்று கூட நின்று பாருங்கள். சில நாட்களுக்குச் சொட்டும். வாடகைக்கு இருக்கும் வீட்டின் கல் பதித்த முற்றத்தில் நிறுத்தி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாட்களில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ஏப்ரலில் உப்பு நின்றதும் ஃபிரேமின் உட்புறத்தையும் வடிகால் துளைகளையும் குழாய்நீரால் ஒருமுறை முழுமையாக அலசுங்கள். ஒவ்வொரு முறை எண்ணெய் அடிக்கும்போதும் பற்றுச்சீட்டை டிரக்கின் கோப்பில் வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.